மூச்சு விடும் இடம்

சேலம்
9-10-1938

பெட்டிக்காரருக்குச் சாரதாமணி நமஸ்காரம்.

தகப்பனாருக்குக் கைகால் விழுந்துவிட்டது என்று தந்தி வந்து, ஹார்மோனியத்தை உறைகூடப் போடாமல் வைத்துவிட்டு நீங்கள் பாண்டமங்கலம் போய் ஐந்து மாதம் ஆகிறது. நீங்கள் எழுதிய இரண்டு கடிதங்களும் வந்தன. இரண்டையும் மானேஜர் பிரித்துப் படித்துவிட்டுத்தான் கொடுத்தார். இனிமேல் கம்பெனி விலாசத்துக்கு எழுதவேண்டாம். எனக்குத் தலை வாரிவிட வரும் பெருமாயிக்குச் செவ்வாய்ப்பேட்டையில் வீடு. அவள் பெயருக்கு எழுதினால் மடியில் வைத்துக் கொண்டுவந்து கொடுப்பாள்.

எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. ஆடி மாதம் தொடங்கிய இளைப்பு இன்னும் நிற்கவில்லை. பேசும்போது ஒன்றும் தெரியாது. பாடினால் தெரிகிறது. முன்பு தாளம் இரண்டு ஆவர்த்தனம் சுற்றி வரும்வரை ஒரே மூச்சில் பாடுவேன், உங்களுக்கே தெரியும். இப்போது எட்டு எண்ணுவதற்குள் நெஞ்சில் யாரோ கல்லை ஏற்றிவைத்ததுபோல் இருக்கிறது. பெருமாயிக்கும் பிடில் கண்ணுசாமிக்கும் தவிர யாருக்கும் சொல்லவில்லை.

அடுத்த மாதம் ராணி காட்டில் அலையும் பாட்டைப் படம் பிடிக்கிறார்கள். மைக்கைத் தலைக்கு மேலே தொங்கவிட்டு, வாத்தியக்காரர்களைப் புதருக்குப் பின்னால் உட்காரவைத்து, நான் நடந்துகொண்டே பாடவேண்டும். புது வாத்தியார் போட்டிருக்கும் மெட்டில் மூச்சு விடவே இடம் இல்லை. 'வெயிலும் நிழலும் விளையாடும் வனமே, என் விதியை நீ கேளாயோ' என்ற பல்லவி முழுவதும் ஒரே இழுப்பு. மெட்டை ஸ்வரப்படுத்தி இத்துடன் வைத்திருக்கிறேன்.

பங்குனியோடு என் மூன்று வருஷ ஒப்பந்தம் முடிகிறது. அதன்பிறகு ஆத்தூரில் அம்மாவிடம் போய்விடுவேன். அதுவரைக்கும், பாடத் தெரிந்தவள் என்ற பெயரோடு இந்தக் கம்பெனி வாசலைத் தாண்டவேண்டும். இந்தப் பாட்டை எனக்குத் தகுந்தபடி மாற்றிக் கொடுங்கள். கண்ணுசாமி எது சொன்னாலும் புது வாத்தியார் தலையாட்டுவார்.

சாரதாமணி


பாண்டமங்கலம்
16-10-1938

சாரதாமணி அம்மணிக்குக் குழந்தைவேல் எழுதிக்கொண்டது.

கடிதம் கிடைத்தது. வெற்றிலைத் தோட்டத்து வாய்க்கால் கரையில் உட்கார்ந்து படித்தேன். வீட்டில் படிக்க முடியாது. ஐயனுக்கு வாய் கோணிப் போயிற்றே ஒழிய, பாட்டு என்ற சொல் காதில் விழுந்தால் இடது கையால் கட்டிலைத் தட்டுகிறார். காடு தோட்டம் உள்ள குடும்பத்தில் பிறந்தவன் நாடகக்காரர்களோடு பெட்டி வாசித்தான் என்பது அவருக்கு இன்றைக்கும் ஆறாத புண்.

மெட்டைப் பார்த்தேன். மெட்டில் குற்றம் இல்லை, அடுக்கிய விதத்தில்தான். மாற்றியதைக் கண்ணுசாமிக்குப் புரியும்படி தனித்தாளில் எழுதியிருக்கிறேன். உங்களுக்கு விவரம் சொல்கிறேன்.

முதலில் எடுப்பு. இப்போது தாளத்தின் முதல் தட்டிலேயே பாட்டு தொடங்குகிறது. அதை ஒரு தட்டு தள்ளியிருக்கிறேன். அந்த வெறும் தட்டில் நீங்கள் மூச்சு இழுத்துக்கொள்ளலாம். ராணி திரும்பிப் பார்க்கத் தயங்குகிறாள் என்றே பார்ப்பவர்கள் நினைப்பார்கள்.

அடுத்து பல்லவி. 'வெயிலும் நிழலும்' என்று பாடி நிறுத்திவிடுங்கள். அதே ஸ்வரங்களைப் பிடில் திருப்பிச் சொல்லட்டும். 'விளையாடும் வனமே' என்று பாடி நிறுத்துங்கள், கிளாரினெட் பதில் சொல்லட்டும். காடு பதில் பேசுவதுபோல் இருக்கும். மூச்சுக்காக நிறுத்துகிறீர்கள் என்று எவருக்கும் தோன்றாது. சரணத்தில் மூன்றாவது அடி மேலே ஏறுகிறது, அதை ராணியின் கூட வரும் தோழிகளிடம் கொடுத்துவிட்டேன்.

இத்தனை நிறுத்தமும் சேர்ந்தால் பாட்டு நீண்டுவிடும். இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்றேகால் நிமிஷத்துக்கு மேல் கொள்ளாது. அதனால் அனுபல்லவியை எடுத்துவிட்டேன். அதுதான் உங்கள் குரலுக்கு வாகான பகுதி என்று தெரியும். ஆனால் உச்சத்தில், தார ஸ்தாயியில் நிற்கவேண்டிய இடமும் அதுதான், வேறு வழி தெரியவில்லை.

இளைப்புக்கு ஆடாதொடை இலைக் கஷாயம் குடியுங்கள். பனியில் நிற்கவேண்டாம்.

குழந்தைவேல்


சேலம்
20-11-1938

பெட்டிக்காரருக்கு,

மழை விட்ட மூன்றாம் நாள் பாட்டைப் பிடித்தார்கள். இரண்டு தடவை காக்கை கத்திக் கெடுத்தது. மூன்றாம் தடவை சரியாக அமைந்தது. நான் ஒரு இடத்தில்கூடத் திணறவில்லை. நீங்கள் தள்ளிவைத்த அந்த ஒரு தட்டில் மூச்சை இழுக்கும்போது, யாரோ முதுகில் கை வைத்து 'இப்போது' என்று சொன்னதுபோல் இருந்தது.

பாடி முடிந்ததும் சவுண்ட் எஞ்சினியர் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டு ஓடிவந்தார். இதுவரை இப்படிப் பாட்டு அமைத்துக் கேட்டதில்லையாம். முதலாளி வந்து, கண்ணுசாமியின் தோளைத் தட்டினார். கண்ணுசாமி பொய் சொல்லத் தெரியாதவர், "இது கொழந்தவேலு எழுதி அனுப்புனதுங்க" என்று சொல்லிவிட்டார். என் மூச்சைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

அனுபல்லவியை எடுத்தது எனக்கு வருத்தம்தான். அதைத் தனியாகக் குளிக்கும்போது பாடிப் பார்த்தேன். பாதியில் நின்றது. நீங்கள் எடுத்தது சரி.

இங்கே வேறு விசேஷம் இல்லை. வெள்ளிக்கிழமைதோறும் கம்பெனி காரில் கோயிலுக்கு அழைத்துப்போய் அதே காரில் திரும்பக் கொண்டுவந்து விடுகிறார்கள். மானேஜர் முன் ஸீட்டில் உட்கார்ந்திருப்பார். மற்ற நாள் மதில் சுவரும் கஞ்சமலையும்தான். இன்னும் இரண்டு பாட்டு பாக்கி. அவற்றையும் அனுப்புகிறேன். உங்கள் சம்சாரம் சென்னியம்மாள் சுகமா?

சாரதாமணி


பாண்டமங்கலம்
4-12-1938

சாரதாமணி அம்மணிக்கு,

இரண்டு பாட்டையும் மாற்றி அனுப்பியிருக்கிறேன். முதல் பாட்டில் தாளக்கட்டே இல்லாத தொகையறாவாகத் தொடக்கத்தை ஆக்கிவிட்டேன், இஷ்டம்போல் நிறுத்தி நிறுத்திப் பாடலாம். இரண்டாவதில் உங்கள் அடி ஒவ்வொன்றின் கடைசிச் சொல்லையும் தோழிகள் வாங்கிக்கொள்வார்கள்.

சென்னியம்மாள் சுகம். நான் எழுதுவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. "ஏனுங்க, தோட்டத்துக் கணக்குங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொன்னேன். பொய் சொல்ல அவசியம் இல்லாத இடத்தில் ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

வெற்றிலைக் கொடி ஒரு நாள்கூட ஆளை விடாது. தண்ணீர் கட்டவேண்டும், அகத்தியில் ஏற்றிக் கட்டவேண்டும், கிள்ளி அடுக்கவேண்டும். நான் பக்கத்திலிருக்கும் வேலூர்ச் சந்தையைத் தாண்டிப் போய் ஏழு மாதம் ஆகிறது. உங்கள் கடிதம் வரும் நாளில்தான் விரல்கள் எதையாவது தேடுகின்றன. கட்டிலின் சட்டத்தில் வாசித்துப் பார்க்கிறேன். இளைப்பு எப்படி என்று நீங்கள் எழுதவில்லை.

குழந்தைவேல்


சேலம்
18-4-1939

பெட்டிக்காரருக்கு,

நாலு மாதமாக எழுதாததற்கு மன்னிக்கவும். படம் பொங்கலுக்கு வெளிவந்து சேலத்தில் பத்து வாரம் ஓடிற்று. காட்டுப் பாட்டு இசைத்தட்டு செவ்வாய்ப்பேட்டைக் கடைகளில் எல்லாம் ஒலிக்கிறது என்று பெருமாயி சொல்கிறாள். நிறுத்தி நிறுத்திப் பாடுவதுதான் இப்போது நாகரிகமாம். மூச்சு நன்றாக உள்ள பெண்கள்கூட அப்படிப் பாடுகிறார்களாம்.

சித்திரை முதல் தேதி பெட்டி படுக்கையைக் கட்டி வைத்துக்கொண்டு முதலாளியிடம் உத்தரவு கேட்கப் போனேன். அவர் ஒப்பந்தத்தை எடுத்து இரண்டாம் தாளைக் காட்டினார். கம்பெனி விரும்பினால் மேலும் மூன்று வருஷம் வைத்துக்கொள்ளலாம் என்று எழுதியிருக்கிறது. அதன் கீழே என் கையெழுத்து. கையெழுத்துப் போடும்போது நான் அந்தத் தாளைப் படிக்கவில்லை. "பாட்டு இப்படி ஓடறப்ப உன்னை எப்படிம்மா விடறது?" என்று சிரித்தார்.

யோசித்துப் பார்த்தேன். நீங்கள் அத்தனை நன்றாக என் குறையை மறைத்திருக்காவிட்டால் அவர் என்னைப் போகவிட்டிருப்பார். உங்களைக் குறை சொல்லவில்லை, கேட்டது நான்தான். ஆனாலும் கட்டிய மூட்டையை அவிழ்க்கும்போது உங்கள்மேல்தான் கோபம் வந்தது.

அதே இரண்டாம் தாளில் இன்னொன்றும் இருக்கிறது. குரல் பாடத் தகுதியற்றுப் போனால் ஒப்பந்தம் ரத்து. இளைப்பு என்று நானே போய்ச் சொன்னேன். பாசாங்கு என்கிறார். காட்டுப் பாட்டை வைத்துக்கொண்டு எவர் நம்புவார்?

ஆகவே ஒரு பாட்டு வேண்டும். ஆனியில் புதுப் படம் தொடங்குகிறது. முதலாளி உங்களுக்குக் கடிதம் எழுதி முதல் பாட்டைக் கேட்கப்போகிறார். மறைக்க இடம் இல்லாத பாட்டாக அமைத்துக் கொடுங்கள். எல்லோர் முன்னிலும் நான் பாடவேண்டும், மூச்சு அறுந்து நிற்கவேண்டும். எந்தப் பெயரைக் காப்பாற்றத் தவித்தேனோ அந்தப் பெயர் இனி வேண்டாம். எனக்கு இங்கிருந்து போகவேண்டும்.

சாரதாமணி


பாண்டமங்கலம்
25-4-1939

சாரதாமணி அம்மணிக்கு,

முதலாளியின் கடிதமும் வந்தது.

நீங்கள் கேட்பதை எப்படிச் செய்வேன் என்று தெரியவில்லை. ஒரு பாட்டில் எங்கே தாங்கிப் பிடிக்கவேண்டும் என்றுதான் எனக்குத் தெரியும். பாடுகிறவர் விழுவதற்காக நான் பாட்டு அமைத்ததில்லை. மூன்று வருஷம் அப்படி ஒன்றும் நீளம் இல்லை. நான் ஒவ்வொரு பாட்டையும் மாற்றித் தருகிறேன். யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். இளைப்புக்கு மருந்து கொடுக்கும் வைத்தியர் ஒருவர் நாமக்கல்லில் இருக்கிறார், சூரணம் வாங்கி அனுப்புகிறேன்.

கோபப்படாமல் யோசியுங்கள்.

குழந்தைவேல்


சேலம்
30-4-1939

பெட்டிக்காரருக்கு,

மூன்று வருஷம் நீளம் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் ஒரு வருஷத்தில் கட்டில் சட்டத்தில் வாசிக்க ஆரம்பித்துவிட்டீர்கள்.

சூரணம் வேண்டாம். பாட்டு அனுப்புங்கள். முடியாது என்றால் அதையாவது எழுதுங்கள்.

சாரதாமணி


பாண்டமங்கலம்
14-5-1939

சாரதாமணி அம்மணிக்கு,

பாட்டை முதலாளிக்கு நேரே அனுப்பிவிட்டேன். படித்துப் பார்த்து மகிழ்ந்துபோனதாக எழுதியிருக்கிறார். உங்களுக்காகப் பிரதி எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன்.

சிறையிலிருக்கும் ராணி பாடுவது. பல்லவி சுலபம், மத்திம ஸ்தாயிக்குள் அடங்கும். அனுபல்லவி வைத்திருக்கிறேன். இரண்டே வரி. இத்தனை நாள் உங்களிடமிருந்து எடுத்துக்கொண்டதைத் திருப்பித் தந்ததாக இருக்கட்டும். மெல்லப் பாடினால் அது வந்துவிடும்.

சரணத்தின் கடைசியில் மத்திமகாலம். 'தாழிட்ட கதவும் தளராத காவலும் தாண்டியென் பாட்டொன்று போகாதோ' என்று தொடங்கி நான்கு வரிகள். இரட்டை வேகம், இரண்டு ஆவர்த்தனம், சொல்லுக்குச் சொல் ஒட்டி வரும். எங்கேயும் இடம் விடவில்லை. பிடிலோ கிளாரினெட்டோ உள்ளே நுழையவும் முடியாது. நல்ல மூச்சு உள்ளவர்களே மூன்றாம் வரியில் தவிப்பார்கள்.

நான் அமைத்ததில் இதுதான் சிறந்த பாட்டு. அதை எழுதும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பாதி தூரம்வரை எதற்காக எழுதுகிறேன் என்பதே மறந்துபோயிற்று.

குழந்தைவேல்


சேலம்
25-6-1939

பெட்டிக்காரருக்கு,

ஆனி இரண்டாம் நாள் பாடினேன்.

நீங்கள் சொன்னபடி பல்லவி வந்தது. அனுபல்லவியும் வந்தது. அது எப்படி வந்தது என்று சொல்லவேண்டும். செட்டில் தச்சர்கள் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்கள். அந்த இரண்டு வரியைப் பாடும்போது, முழுப் பாட்டையும் பாடிவிடலாம் என்று எனக்கு ஆசை வந்துவிட்டது. வேண்டுமென்றே விழவேண்டும் என்று நினைத்து நின்றவள், விழக்கூடாது என்று பாடினேன். மூன்றாம் வரியில் 'கா' என்ற எழுத்தில் குரல் அறுந்தது. இருமலில் குனிந்துவிட்டேன். கண்ணுசாமி மட்டும் நிறுத்தவில்லை. மீதி வரியைப் பிடிலில் வாசித்து முடித்தார். மூன்று தடவை எடுத்தார்கள். மூன்று தடவையும் அதே இடம்.

அன்றைக்கு அவ்வளவு அவமானத்திலும் மனசு லேசாக இருந்தது. சாயங்காலமே மூட்டை கட்டினேன். அடுத்த நாள் முதலாளி காரை எடுத்துக்கொண்டு எங்கேயோ போனார். அதற்கு மறுநாள் என்னைக் கூப்பிட்டார்.

"பயப்படாதே, நீ பாடவே வேண்டாம்" என்றார். வேறொரு பெண் தனியாகப் பாடுவாளாம், அதை முதலிலேயே பதிந்து வைத்துக்கொள்வார்களாம். படம் பிடிக்கும்போது பெரிய ஒலிபெருக்கிக் குழாயில் அந்தப் பாட்டைப் போடுவார்கள், நான் வாயை மட்டும் அசைக்கவேண்டும். ஒப்பந்தத்தில் குரல் என்று இருக்கிறதே என்றேன். "நடிக்கவும் பாடவும்னு இருக்கு. நடிக்க மூஞ்சி இருக்கில்ல?" என்றார்.

மாரக்காள் என்ற பெண்ணைக் கொண்டுவந்திருக்கிறார்கள். மேட்டூர்ப் பக்கம், கைக்குழந்தைக்காரி. உங்கள் நான்கு வரியையும் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே பாடினாள்.

இப்படி ஒரு வழி இருக்கிறது என்று அவருக்கு யார் சொல்லியிருப்பார்கள்? மதராசில் செய்கிறார்களாம் என்கிறார் கண்ணுசாமி. முதலாளி மதராஸ் போகவில்லையே. ஒரே பகலில் திரும்பிவிட்டார்.

சாரதாமணி


பாண்டமங்கலம்
3-7-1939

சாரதாமணி அம்மணிக்கு,

முதலாளி இங்கேதான் வந்தார்.

கடிதத்தை இரண்டு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

கார் தோட்டத்து மண் ரோட்டில் வந்து நின்றது. சென்னியம்மாள் மோர் கொடுத்தாள். அவர் என்னை வாய்க்கால் பக்கம் அழைத்துப்போய், "அந்தப் பொண்ணுக்கு மூச்சு போச்சு. அனுப்பிடலாம்னு இருக்கேன். நீ என்ன சொல்றே?" என்று கேட்டார்.

ஆமாங்க என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். அதற்காகத்தான் நான் அந்தப் பாட்டையே எழுதினேன். வாயில் வந்தது வேறு. "கொரலை வேற ஆளுகிட்ட வாங்கிக்கலாமுங்க. மொகம் அதேதானே இருக்குதுங்க" என்று சொன்னேன். மதராசில் இப்படிச் செய்வதாகப் பத்திரிகையில் படித்ததை எல்லாம் விளக்கினேன். எந்தப் பாட்டை முதலில் பதியவேண்டும், குழாயை எங்கே வைக்கவேண்டும் என்பதுவரை சொன்னேன். அவர் கிளம்பும்போது, இனி எல்லாப் பாட்டையும் தபாலிலேயே அமைத்து அனுப்பு என்றார். சரி என்று தலையாட்டினேன்.

ஏன் சொன்னேன் என்றால், நீங்கள் ஆத்தூர் போய்விட்டால் கடிதம் வராது. உங்களுக்கு என்னிடம் கேட்க ஒன்றும் இருக்காது. இந்தத் தோட்டமும் ஐயனின் கட்டிலும் மட்டும் மிஞ்சும். சேலத்தில் நீங்கள் இருக்கிறீர்கள், உங்களுக்கு ஒரு பாட்டு மாற்றவேண்டியிருக்கிறது என்ற நினைப்பில்தான் நான் காலையில் எழுந்திருக்கிறேன். கல்யாணம் ஆனவன் இதற்குமேல் எழுதக்கூடாது. இதையே எழுதியிருக்கக் கூடாது.

நீங்கள் சொன்னால் முதலாளியிடம் நேரில் வந்து பேசுகிறேன். ஐயனை யாரிடமாவது விட்டுவிட்டு வருகிறேன்.

குழந்தைவேல்


சேலம்
20-8-1939

பெட்டிக்காரருக்கு,

உங்கள் கடிதம் வந்து ஆறு வாரம் ஆகிறது. நீங்கள் வரவில்லை. நான் வரச்சொல்லவும் இல்லை.

சிறைப் பாட்டைப் போன மாதக் கடைசியில் படம் பிடித்தார்கள். கம்பிக்குப் பின்னால் என்னை நிறுத்தி, குழாயில் மாரக்காளின் குரலைப் போட்டார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. பாட்டு முடியும்வரை சும்மா நின்றேன். மறந்துவிட்டேன் என்று நினைத்து மறுபடி போட்டார்கள். மறுபடியும் நின்றேன். மூன்று நாள் அப்படியே. அழவில்லை, சண்டை போடவில்லை. கூப்பிட்ட நேரத்துக்குப் போய், பொட்டு வைத்துக்கொண்டு, சொன்ன இடத்தில் நின்றேன். வாயை மட்டும் அசைக்கவில்லை.

நாலாம் நாள் முதலாளி வந்தார். மிரட்டிப் பார்த்தார், கேஸ் போடுவேன் என்றார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "உனக்கு என்னதான் வேணும்?" என்று கேட்டார். இங்கு வந்த நாள் முதல் அவர் என்னிடம் அதைக் கேட்டது அதுதான் முதல் தடவை. "ஆத்தூருக்குப் போகணும்" என்றேன்.

ஒரு வாரம் என்னை அறையிலேயே வைத்திருந்தார்கள். பெருமாயியைக்கூட உள்ளே விடவில்லை. பின்பு இந்தப் படத்துக்கு வேறு ராணி கிடைத்துவிட்டாள் போலிருக்கிறது. நேற்று ஒப்பந்தத்தை ரத்து செய்து என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். சாரதாமணிக்குக் குரலும் புத்தியும் பேதலித்துவிட்டது என்று பத்திரிகையில் போடப்போகிறார்களாம். போடட்டும். காலை ரயிலில் போகிறேன்.

உங்கள் கடிதத்துக்கு என்ன பதில் எழுதுவது என்று ரொம்ப நாள் யோசித்தேன். உங்கள்மேல் எனக்கும் பிரியம் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய். காட்டுப் பாட்டைப் பாடிய அன்றைக்கு, நீங்கள் ஒரு வார்த்தை எழுதியிருந்தால் எத்தனை வருஷமானாலும் காத்திருந்திருப்பேன். ஆனால் என்னைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளவேண்டும் என்று நீங்கள் நினைத்தீர்கள். முதலாளியும் அதைத்தான் நினைத்தார். எனக்கு இரண்டு பேருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. உங்களுடையது அன்பு என்று நீங்கள் சொல்லலாம். பூட்டின கதவுக்கு உள்ளே இருந்து பார்த்தால் அது தெரியாது.

ஆத்தூரில் எங்கே இருப்பேன் என்று எழுதவில்லை. பெருமாயிக்கும் சொல்லவில்லை.

மாரக்காள் கெட்டிக்காரி. தன் ஒப்பந்தத்தின் இரண்டாம் தாளைக் கண்ணுசாமியைப் படிக்கச்சொல்லிக் கேட்டு, ஒரு படத்துக்குமேல் முடியாது என்று சொல்லிவிட்டாள். அவளுக்குப் பாட்டு அனுப்புவீர்கள் அல்லவா, அனுபல்லவியை எடுத்துவிடாதீர்கள். எத்தனை நீளமாக வேண்டுமானாலும் எழுதுங்கள், அவள் பாடுவாள். கடிதம் மட்டும் எழுதாதீர்கள்.

சாரதாமணி